அந்தப் பக்கத்துக்குப் போகவா?

ஜூன் 11

எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வையுங்கள், பின்னால் கேஸுக்கு உதவும் என்று மாலுமிகள் சங்கத்துக்காரர் சொன்னார். அதனால்தான் இந்த டைரி. பேக்கரியில் புது வருஷத்துக்குக் கொடுத்தது. இத்தனை நாள் அலமாரியில் சும்மா கிடந்தது. எனக்கு எழுதுகிற பழக்கமெல்லாம் கிடையாது.

என் பெயர் ஜெசிந்தா. ஊர் தூத்துக்குடி. மக்ரூன் போடுகிற பேக்கரியில் பாக்கெட் கட்டும் வேலை. கணவர் பெயர் பிரிட்டோ. எண்ணெய்க் கப்பலில் ஃபிட்டர், எஞ்சின் அறையில் உடைந்ததையெல்லாம் சரிசெய்கிறவர். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி இதில் எழுதப்போவதில்லை, கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மே மாதக் கடைசியில் ஒரு நாட்டுத் துறைமுகத்தில் (அந்த நாட்டின் பெயரை எழுதினாலே எனக்குக் கோபம் வருகிறது) காவல்காரர்கள் கப்பலில் ஏறி, இது கடத்தல் டீசல் என்று பிடித்து வைத்துவிட்டார்கள். டீசல் முதலாளியுடையது. பேப்பர் முதலாளியுடையது. பிடிபட்டது மட்டும் இவர்கள். எல்லோருடைய போனையும் வாங்கிக்கொண்டார்களாம். கரைக்கு இறங்கவும் விடுவதில்லையாம்.

கடைசியாகப் பேசியதை வரி பிசகாமல் எழுதச் சொன்னார் சங்கத்துக்காரர். எழுதுகிறேன். "சாப்ட்டியா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். "ரெஜினா?" என்றார். அவளும் சாப்பிட்டாள் என்றேன். "இங்க மாலுமி கிளப்புல வைஃபை நல்லா கிடைக்கு. ஞாயித்துக்கிழம வீடியோல வாரேன்" என்றார். வரவில்லை. இதை வைத்துக்கொண்டு எந்த ஜட்ஜ் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 12

ஏஜென்ட் ஆபீஸுக்கு போன் செய்தேன். "சேஃப்பா இருக்காங்க மேடம்." நேற்றும் இதையேதான் சொன்னார்.

ஜூன் 15

ரெஜினாவுக்கு என் முகத்தைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ரெஜினா என் நாத்தனார், இவருக்கு ஒரே தங்கை. மாடியில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். அண்ணனை நினைத்து அழுவாள், அழுதுகொண்டே கொக்கி வைப்பாள், அவள் வேலை நிற்காது.

"மைனி, அண்ணன் மெம்பர்ஷிப்புல புஸ்தகம் சும்மா எடுத்துப் படிக்கலாம்லா. செவுத்தயே பாத்துட்டு இருக்கதுக்கு எதையாவது படிங்க" என்றாள்.

ஆன்லைன் கடையில் இவர் வருஷாவருஷம் பணம் கட்டி வைத்திருக்கும் மெம்பர்ஷிப் அது. இவர் பெயரில் ஒன்று, அனுபவிப்பது வீட்டில் மூன்று பேர். ரெஜினா லேஸும் பட்டனும் வரவழைப்பாள். நான் பாத்திரம் தேய்க்கிற நார், எப்போதாவது நைட்டி. இவருக்குப் புத்தகம் மட்டும். அந்த மெம்பர்ஷிப் இருந்தால் போனில் படிக்கிற புத்தகங்களை விலை இல்லாமல் இரவல் எடுக்கலாம், படித்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரே நேரத்தில் பத்து எடுக்கலாமாம். இவர் ஒன்றுக்கு மேல் எடுத்ததில்லை. தட்டில் இருப்பதைத் தின்று முடிக்காமல் அடுத்த தட்டு எதற்கு என்பார்.

அதிலும் இவருக்கு ஒரு முறை உண்டு. கப்பலில் இருக்கும்போது தலையணை மாதிரி தடிப் புத்தகம். ஊருக்குக் கிளம்புகிற அன்று அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விமானத்தில் படிக்க மெலிந்த புத்தகம் ஒன்று எடுப்பார். அதை நம் வீட்டு வாசல் மிதிப்பதற்குள் முடித்துவிட வேண்டும். "வீட்டுக்குள்ள எதுக்கு புஸ்தகம், அதான் நீ இருக்கியே" என்பார். அது புகழ்ச்சியா, நான் ஓயாமல் பேசுகிறேன் என்கிற குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ரெஜினா என் போனில் அதை ஏற்றிக் கொடுத்தாள். உள்ளே ஒரே ஒரு புத்தகம். அட்டையில் கறுப்புக் குடை. திறந்ததும் இங்கிலீஷில் ஏதோ கேட்டது. ரெஜினா படித்துச் சொன்னாள்: பிரிட்டோவின் கருவியில் 61ஆம் பக்கம் வரை படித்திருக்கிறது, அந்தப் பக்கத்துக்குப் போகவா?

அவர் பெயரை அங்கே பார்த்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. வேண்டாம் என்று அழுத்தி மூடிவிட்டேன்.

ஜூன் 19

இன்று நடந்ததைச் சாவகாசமாக எழுத வேண்டும்.

மத்தியானம் பேக்கரியில் சாப்பாட்டு நேரத்தில் சும்மா திறந்தேன். பிரிட்டோவின் கருவியில் 94ஆம் பக்கம் வரை என்றது. 61 இல்லை, 94. மூடித் திறந்தேன். மறுபடியும் 94.

இவர் புத்தகம் படிக்கிற கருவி தனி. சின்னப் பலகை மாதிரி இருக்கும், பேச முடியாது, செய்தி அனுப்ப முடியாது, படிக்க மட்டும்தான். அது எங்காவது இன்டர்நெட்டைத் தொட்டால்தான் எத்தனை பக்கம் படித்திருக்கிறது என்கிற கணக்கு என் போனுக்கு வரும். போனையெல்லாம் பிடுங்கியவர்கள் இதை விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. கிளப் வைஃபையை அது முன்பே பழகி வைத்திருக்கிறது. இவர்களை விசாரணைக்கோ தண்ணீர் பிடிக்கவோ அந்தப் பக்கம் கூட்டிப் போயிருப்பார்கள், பையில் இருந்த கருவி தானாகப் பிடித்துக்கொண்டிருக்கும். இவருக்கே தெரிந்திருக்காது.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மக்ரூன் நமத்துப் போனால் போகட்டும்.

ரெஜினாவுக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருக்க வேண்டும். "வேற எவனாவது பிடுங்கி வச்சுப் படிச்சா?"

"தமிழ்ப் புஸ்தகத்த அங்க எவன் படிப்பான்? கப்பல்ல தமிழ் ஆளு உங்க அண்ணன் ஒருத்தர்தான்" என்றேன்.

அதன்பிறகு இரண்டு பேரும் அழுதோம். உயிரோடு இருக்கிறார். கண் தெரிகிறது. புத்தகம் பிடிக்கிற அளவுக்குக் கையும் மனசும் இருக்கிறது.

ஜூன் 21

சங்கத்துக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகப் பேசினார். "அம்மா, இதை வெளியே விடாதீங்க. அந்தச் சாமானுக்கு நெட்டு இருக்குன்னு தெரிஞ்சா அதையும் பிடுங்கிருவாங்க. கேஸும் வேற மாதிரி போயிரும். அதுல கோடு கீடு போடாதீங்க, எதுவும் எழுதாதீங்க. நீங்க இருக்கதே தெரியக்கூடாது."

ரெஜினா அதற்குள் ஒரு வரிக்கு அடிக்கோடு போட்டு அண்ணனுக்குத் தகவல் அனுப்பலாம் என்று திட்டம் போட்டிருந்தாள். போனைப் பிடுங்கி என் தலையணை உறைக்குள் வைத்துவிட்டேன்.

ஜூன் 26

நானும் அந்தப் புத்தகத்தைப் படிக்கிறேன். ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: இவர் இருக்கும் பக்கத்தைத் தாண்டக்கூடாது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் சாப்பிட்ட பிறகு சாப்பிடுகிற பழக்கத்தை நான் வைத்துக்கொண்டதே இல்லை, பசித்தால் தின்றுவிடுவேன். படிப்பதில் மட்டும் இவருக்குப் பின்னால் போகிறேன்.

கதை ஒரு மலை ஊரில் லாட்ஜ் நடத்துகிற பெண்ணைப் பற்றியது. மழை நாளில் ஒரு ஆள் வந்து தங்குகிறான், விடிந்ததும் போய்விடுகிறான், குடையை மறந்துவிட்டான். அவள் குடையை எடுத்து வைக்கிறாள். ஒருநாள் வந்து கேட்பான் என்று நினைக்கிறாள். வெறும் குடை. இதற்கு எதற்கு ஐந்நூறு பக்கம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது இல்லை.

ஜூலை 4

131.

இவர் இருக்கும் இடம் வரை வந்து நின்றுகொண்டேன். லாட்ஜ் சமையல்காரன் உப்புக்குப் பதில் சோடா மாவைப் போட்டு ரசம் வைக்கிற இடத்தில் இவர் சிரித்திருப்பார். சிரிக்கும்போது சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அந்தத் தோளைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. மற்றதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

போனில் பேசும்போது எங்களுக்குள் சாப்பாட்டைத் தவிர வேறு பேச்சே இருந்ததில்லை. இப்போது ஒரு வார்த்தையும் இல்லாமல் இவரை எனக்கு நன்றாகத் தெரிகிறது. ஒரு வரியையும் தாண்டிக் குதிக்கிறவர் இல்லை. என்னைத்தான் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார், ஒன்பது மாசம், பத்து மாசம் என்று.

இது கேஸுக்கு உதவாது. இருந்தாலும் அடித்து அழிக்கவில்லை.

ஜூலை 13

நகரவில்லை.

ஜூலை 26

மாதா கோயிலில் கொடியேற்றம். கூட்டத்தில் ரெஜினாவின் செருப்பு அறுந்துவிட்டது, ஒற்றைக் காலோடு முழுப் பூசையும் பார்த்தாள்.

இன்னும் 131தான். அந்தப் பக்கத்தில் லாட்ஜ்காரிக்குக் காய்ச்சல். அறை எண் நான்கில் தனியாகப் படுத்திருக்கிறாள், கஞ்சி வைத்துத் தரக்கூட ஆளில்லை. எனக்கு அந்தப் பக்கம் பிடிக்கவில்லை. இவர் ஏன் அங்கே நிற்க வேண்டும்? கண்ணாடி உடைந்திருக்கலாம். கருவியில் சார்ஜ் தீர்ந்திருக்கலாம். கிளப் பக்கம் அழைத்துப் போகாமலிருக்கலாம். இந்த மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொள்கிறேன். நான்காவதாக ஒன்று இருக்கிறது, அதைச் சொல்வதில்லை.

"சேஃப்பா இருக்காங்க மேடம்." அந்த ஆளுக்கு மூச்சு விடுவதும் இதைச் சொல்வதும் ஒன்றுதான்.

ஆகஸ்ட் 5

மாதா திருவிழா. தேரோட்டத்துக்கு வெளியூர் சனமெல்லாம் வந்திருந்தது. எல்லா வீட்டிலும் ஆள். எங்கள் வீட்டில் இரண்டு பேர், மூன்று தட்டு. ரெஜினா தெரியாமல் எடுத்து வைத்துவிட்டாள். நானே எடுத்துக் கழுவி வைத்தேன்.

131.

ஆகஸ்ட் 8

இன்று லீவு. காலையில் துணி துவைத்தேன், சாளை மீன் ஆய்ந்தேன், போனைத் திறந்தேன், 131. எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியவில்லை, இவர் மேல்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் அந்தக் காய்ச்சல்காரியோடு அங்கேயே கிடங்கள், நான் போகிறேன் என்று 132க்குத் தள்ளினேன். பிறகு நிறுத்த முடியவில்லை. அவள் பிழைத்தாளா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. மீனைப் பூனை கொண்டுபோனது. சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில் கடைசிப் பக்கம் வந்துவிட்டது.

முடிவை இதில் எழுத மாட்டேன். என்றாவது இவர் இந்த டைரியைப் புரட்டினால்?

ஆகஸ்ட் 9

என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

இன்று திறந்தபோது அது எதுவும் கேட்கவில்லை. பிரிட்டோவின் கருவி என்ற பேச்சே இல்லை. நேராகக் கடைசிப் பக்கம் வந்து நின்றது. ரெஜினா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு கருவியில் எதில் அதிக தூரம் படித்திருக்கிறதோ அந்தப் பக்கத்தைத்தான் அது சொல்லுமாம். இப்போது முன்னால் இருப்பது நான். இனி இவர் நூறு பக்கம் படித்தாலும் இருநூறு பக்கம் படித்தாலும் எனக்குத் தெரியாது. படிக்காமலே கிடந்தாலும் தெரியாது.

போதாததற்கு, அடுத்த முறை கிளப் பக்கம் போனால் இவர் கருவி இவரைக் கேட்கும்: ஜெசிந்தாவின் போனில் கடைசிப் பக்கம் வரை படித்திருக்கிறது, அங்கே போகவா? பக்கத்தில் காவல்காரன் நின்றிருந்தால்?

கஸ்டமர் கேருக்கு போன் போட்டேன். ஒரு பெண் பேசினாள். நல்ல பெண்தான், குரலில் அலுப்பே இல்லை. அந்தக் கணக்கை அழித்துப் பழையபடி ஆக்கித் தாருங்கள் என்றேன்.

"செய்யலாம் மேடம். அக்கவுண்ட் யார் பேர்ல இருக்கோ அவங்க ஒரு வார்த்தை சொல்லணும். உங்க ஹஸ்பண்ட்கிட்ட போனைக் குடுக்கிறீங்களா?"

குடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 15

பேக்கரியில் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தார்கள். பிறகு முந்திரி உடைத்தோம்.

ஆகஸ்ட் 22

மெம்பர்ஷிப் இந்த வாரத்தோடு முடிகிறதாம். இவர் கார்டில் பணம் எடுக்கப் பார்த்து முடியவில்லை என்று தகவல் வந்திருக்கிறது. கப்பல்காரன் சம்பளம் போட்டால்தானே அதில் இருக்கும்.

என் கார்டைக் கொடுத்துக் கட்டச் சொன்னேன். "இப்ப எதுக்கு மைனி? லேஸு நான் கடைத்தெருவுல வாங்கிக்கிடுதேன்" என்றாள் ரெஜினா.

"லேஸுக்கு இல்ல. மெம்பர்ஷிப் போச்சுன்னா எடுத்த புஸ்தகமும் திரும்பப் போயிரும். அவர் பாதி படிச்சிட்டு இருக்கும்போது கையில இருந்து காணாமப் போனா?"

"படிச்சிட்டுதான் இருக்காகளா?"

அவள் வேண்டுமென்று கேட்கவில்லை. வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். நான் கார்டை நீட்டிக்கொண்டே இருந்தேன். கட்டினாள்.

ஆகஸ்ட் 30

ஒன்றுமில்லை.

செப்டம்பர் 3

குடைப் புத்தகத்தைக் காணோம்.

காலையில் திறந்தால் உள்ளே வெறுமையாக இருக்கிறது. முதலில் பணம் சரியாகப் போகவில்லை என்று நினைத்தேன். பார்த்தால் மெம்பர்ஷிப் அடுத்த வருஷம் வரை இருக்கிறது. யாரோ புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

மாடிக்கு ஓடினேன். முந்தா நாள்தான் ரெஜினா எம்ப்ராய்டரி புத்தகம் இரவல் எடுப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். "நீதான திருப்பிக் குடுத்த?" என்றேன். சத்தம் பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும்.

"பனிமய மாதா சத்தியமா நான் தொடல மைனி."

"உனக்கு ஒரு பூத்தையல் பெருசாப் போச்சு. எனக்கு அவர் இருக்கதுக்கு இருந்த ஒரே அடையாளம் அதுதான்."

"எனக்கு மட்டும் அண்ணன் இல்லையா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள், துணியே இல்லாமல்.

செப்டம்பர் 6

ரெஜினா கீழே சாப்பிட வரவில்லை. மாடிப்படியில் தட்டை வைத்துவிட்டு வந்தேன். கழுவி அதே படியில் வைத்திருந்தாள்.

அவள் இல்லையென்றால் இவர்தான் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். இத்தனை நாளில் இவர் முடித்திருக்க மாட்டார், பாதிகூடத் தாண்டியிருக்க மாட்டார். முடிக்காத புத்தகத்தை இவர் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை. அப்படியானால் இவருமில்லை. அப்படியானால் கருவி இப்போது யார் கையில் இருக்கிறது?

இந்த வரிக்கு மேல் யோசிக்கக்கூடாது என்று முடிவு செய்து, வீட்டிலிருக்கும் பித்தளைப் பாத்திரத்தையெல்லாம் எடுத்துப் போட்டுத் துலக்கினேன். எனக்கு இவர் வேண்டும். கேஸ் ஜெயிக்க வேண்டாம், சம்பளம் வேண்டாம், நியாயம் வேண்டாம். இவர் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து "சாப்ட்டியா" என்று கேட்டால் போதும்.

செப்டம்பர் 12

புத்தகம் வந்திருக்கிறது.

புதுப் புத்தகம். அட்டையில் ஒரு மாமரம். எத்தனை பக்கம் என்று பார்த்தேன். அறுபது. வெறும் அறுபது பக்கம்!

மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன். ரெஜினாவுக்கு என் முகத்தைப் பார்த்ததும் கோபம் மறந்துவிட்டது, பயந்துவிட்டாள். போனை அவள் மூக்குக்கு நேராக நீட்டினேன். கொஞ்ச நேரம் அவளுக்குப் பிடிபடவில்லை. பிறகு, "மெலிஞ்ச புஸ்தகம்லா மைனி" என்றாள், அவ்வளவு மெதுவாக.

"ஆமா."

"பிளேன் புஸ்தகம்லா."

"ஆமாட்டி."

அவள் என்னைக் கட்டிக்கொண்டதில் கழுத்தில் தொங்கிய அளவு டேப் என் கம்மலில் மாட்டிக்கொண்டது. மன்னித்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு மத்தியானம் இறால் வறுத்துக் கொடுத்தேன்.

செப்டம்பர் 13

ஏஜென்ட் ஆபீஸிலிருந்து அவராகவே கூப்பிட்டார். முதல் தடவை.

"மேடம், ஒரு நல்ல செய்தி."

"தெரியும்" என்றேன்.

பாவம், இத்தனை மாசத்தில் அவருக்குச் சொல்ல ஒரு புது வாக்கியம் கிடைத்தது, அதையும் நான் கெடுத்துவிட்டேன். பிறகு விவரமெல்லாம் சொன்னார். ஆட்களை விட்டுவிட்டார்கள், கப்பல் மட்டும் அங்கே. போன்கள் கோர்ட்டில் இருக்கின்றன, பிறகுதான் வரும். டிக்கெட் கிடைப்பதைப் பொறுத்துப் பதினாறோ பதினேழோ வீட்டுக்கு வந்துவிடுவார், எந்த விமானம் என்று இப்போது சொல்ல முடியாது.

மாமரப் புத்தகத்தைத் திறந்தேன். பிரிட்டோவின் கருவியில் 3ஆம் பக்கம் வரை படித்திருக்கிறது, போகவா என்றது. வேண்டாம் என்றேன். இந்த முறை ஒரு வரிகூடப் படிக்கப் போவதில்லை. முதல் பக்கத்திலேயே நிற்பேன்.

செப்டம்பர் 15

வீடு முழுக்கக் கழுவிவிட்டேன். ரெஜினா ஜன்னலுக்குத் திரை தைத்தாள், ஒன்று நீளம், ஒன்று கட்டை. 3ஆம் பக்கம்.

செப்டம்பர் 16

சீலா மீன் குழம்பு வைத்தேன். ஆறியது. சாயங்காலம் மறுபடி சூடாக்கினேன். ரெஜினா தெருமுனைக்கும் வீட்டுக்குமாக நடந்து களைத்துப்போய், இன்று இல்லை, நாளைக்குத்தான் என்று மாடிக்குப் போய்விட்டாள்.

நான் அடுக்களையில் நின்றபடி புத்தகத்தைத் திறந்தேன். எத்தனையாவது தடவை என்று தெரியாது. 3ஆம் பக்கம் வரை, போகவா? வேண்டாம். அரிசி களைந்துவிட்டு வந்து மறுபடி திறந்தேன்.

பிரிட்டோவின் கருவியில் 58ஆம் பக்கம் வரை படித்திருக்கிறது. அந்தப் பக்கத்துக்குப் போகவா?

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. விமானத்தில் இன்டர்நெட் இருக்காது, வழியில் இருக்காது. அந்தக் கிளப்பை விட்டால் அந்தக் கருவிக்குத் தெரிந்த வைஃபை உலகத்தில் இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. எங்கள் வீட்டு வைஃபை.

கதவு தட்டுகிற சத்தம் வரவில்லை. கையைக்கூடத் துடைக்காமல் வாசலுக்கு ஓடினேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளை டாக்சி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் வெளியே நின்று, "சார் ரெண்டு நிமிசம்னாரு அக்கா, பத்து நிமிசமா இருக்காரு" என்றார்.

பின் சீட்டில் உள்விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாடி நரைத்திருந்தது. கன்னம் உள்ளே போயிருந்தது. சட்டை வேறு யாருடையதோ, தோளில் நிற்கவில்லை. மடியில் கருவி. தலையைத் தூக்காமலே ஒரு விரலை உயர்த்தினார்.

"ரெண்டே பக்கம், ஜெசி."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இத்தனை மாதம் நான் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறேன், வாசலில் வந்து இரண்டு பக்கமாம்! கதவைத் திறந்து அந்தச் சாமானைப் பிடுங்கலாம் என்று குனிந்தேன். அப்போதுதான் கவனித்தேன். கண் வரியில் ஓடவில்லை. ஒரே இடத்தில் நின்றது. விரல் பக்கத்தைத் தள்ளவில்லை. படிக்கவில்லை இவர். இறங்கி உள்ளே வரத் தைரியம் வராமல் உட்கார்ந்திருக்கிறார்.

நான் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். டிரைவர் நல்ல மனுஷர், தெருமுனை வரை நடந்து போனார்.

"சாப்ட்டியா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"போனப் பிடுங்குனவன் இதையும் திருப்பித் திருப்பிப் பாத்தான். புஸ்தகம்னு தெரிஞ்சதும் கையில தந்துட்டான்" என்றார். கருவியின் விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். "நடுவுல காய்ச்சல் வந்து படுத்துட்டேன். நாலு எழுத்து சேந்தாப்ல தெரியல. எந்திரிச்சு நடக்க ஆரம்பிச்ச பெறகு ஒருநாள் கிளப் வழியா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனானுவ. திரும்பி வந்து தொறந்தா, ஜெசிந்தாவின் போன்னு காட்டுது. கடைசிப் பக்கம் வரைக்கும். அன்னைக்குத்தான் தெரிஞ்சுது, நீயும் கூடவே வந்துட்டு இருந்திருக்கேன்னு."

"நான் முந்திப் போயிருக்கக் கூடாது."

"போனதுதான் நல்லதாப் போச்சு. அதுக்கப்பறம் நான் ஒரு பக்கம் படிக்கல. விடுதோம்னு சொன்ன அன்னைக்கு கிளப்புல வச்சு அப்படியே திருப்பிக் குடுத்துட்டேன்."

"நீங்களா? முடிக்காமயா?"

தோள் குலுங்கியது. அந்தப் பெரிய சட்டைக்குள் அது மட்டும் பழைய தோள்.

"நீதான் முடிச்சிட்டியே. வீட்டுக்கு வந்து உன்கிட்டக் கேக்கணும்னு ஒண்ணு இருக்கட்டும்னு வச்சிருந்தேன். அத வச்சிக்கிட்டுத்தான் மிச்ச நாளத் தள்ளுனேன்." பிறகு என் பக்கம் திரும்பினார். முதல் தடவையாக முகத்தைப் பார்த்தார். "குடைக்காரன் வந்தானா, ஜெசி?"

மடியிலிருந்த கருவியை எடுத்து மூடினேன். மாமரப் புத்தகத்தில் இரண்டு பக்கம் பாக்கி இருந்தது. அதை அவர் கேட்கவில்லை.

"எந்த எடத்துல விட்டீங்க?"

"லாட்ஜ்காரிக்குக் காய்ச்சல். நாலாம் நம்பர் ரூம்ல தனியாப் படுத்திருக்கா."

"எறங்குங்க" என்றேன். "உள்ள வாங்க. அங்க இருந்து சொல்லுதேன்."